சென்ட் கணக்கில் அடங்காத தண்ணீர்

மறைமலை நகரில் ஜிஎஸ்டி ரோட்டோர டீக்கடைகளில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் நிலத்தில்தான் போய் நிற்கும். ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் கடையைக் கட்டப்போகிறோம் என்று அறிவித்து, 2022இல் உற்பத்தியை நிறுத்திய பிறகு, இங்கே பல மாதங்கள் அந்தப் பேச்சுதான் ஓடியது. "பேட்டரி வண்டிக்காரன் வாங்கிட்டானாம்." "இல்லப்பா, குடோனாக்கப் போறாங்க." வேலை போனவர்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேலை போகாதவர்கள் ஏக்கர் என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போடுவார்கள். 2025 அக்டோபரில் ஃபோர்டே திரும்பி வந்து, 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் தயாரிக்கிறோம், 2029இல் உற்பத்தி தொடங்கும் என்று அரசோடு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் பேசுகிற வாய்க்கு வேறு நிலம் வேண்டுமே. இப்போது அது கிஷ்கிந்தாவில் வந்து நிற்கிறது.

தாம்பரத்துக்குப் பக்கத்தில், தர்காஸ் ரோட்டில் இருக்கிற அதே கிஷ்கிந்தாதான். "120 ஏக்கர் சார், வெளிவட்டச் சாலை பக்கத்துலயே, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வேற வந்திருச்சு. அங்க போய் எவனாவது தண்ணி விளையாட்டு காட்டிட்டு இருப்பானா?" வில்லா போடலாம் என்கிறார் ஒருவர். டேட்டா சென்டருக்குத்தான் லாயக்கு என்கிறார் இன்னொருவர். கொஞ்சம் நல்ல மனசுள்ளவர், "ரிசார்ட்டோட சேத்து புதுசா கட்டலாம்ல" என்கிறார். அந்த இடம் விற்கப்படுகிறது என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. விற்பதும் வைத்திருப்பதும் உரிமையாளர் பாடு. எனக்கு எரிச்சல் இந்தப் பேச்சின் மேல்தான். முப்பது வருஷமாக ஜனங்கள் குளித்துக் கூத்தடித்த ஒரு இடத்தைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறார்கள். ஒருத்தர் வாயிலிருந்துகூட 'குளிப்பது' என்ற சொல் வரவில்லை.

*

கிஷ்கிந்தா திறந்தது 1995இல். நடத்தியவர் மலையாள சினிமா தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன். 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர். கண்ணாடி போட்டால் ஐஸ்கிரீம் முகத்துக்கு நேரே நீளும் என்று நம்பவைத்த அதே மனிதர், வறண்ட செங்கல்பட்டு மண்ணில் கடலலை வரும் என்றும் நம்பவைத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்களுக்கு விஜிபி இருந்தது, எம்ஜிஎம் இருந்தது, இரண்டும் இல்லாவிட்டாலும் கடல் இருந்தது. ஜிஎஸ்டி ரோட்டுக்காரர்களுக்கு அதுவரை இருந்தது வண்டலூர் மிருகக்காட்சிசாலை. அங்கே விலங்குகள்தான் குளிக்கும், நாம் பார்க்கலாம்.

அதே தொண்ணூறுகளில்தான் இந்தப் பக்கம் தொழிற்சாலைகளும் வந்தன. சென்னையின் நெரிசலைக் குறைக்க சிஎம்டிஏ திட்டமிட்ட துணை நகரம் மறைமலை நகர். அது நிஜமாகவே நிரம்ப ஆரம்பித்தது கார் கம்பெனிகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனிகளும் வந்த பிறகுதான். அப்பா அப்படி ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்.

2002இல், நான் ஆறாவது படிக்கும்போது, கம்பெனியில் குடும்பத்தோடு ஒருநாள் சுற்றுலா போட்டார்கள். இரண்டு பஸ். வேவ் பூலில் சைரன் ஊதியதும் எல்லோரும் ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அம்மா சுடிதாரோடு இறங்கிவிட்டாள். கல்யாணமாகி அதுவரை அவள் சுடிதார் போட்டு நான் பார்த்ததில்லை, அத்தை மகளிடம் கடன் வாங்கி வந்திருந்தாள். அப்பா மட்டும் கரையில் நின்றார். தண்ணீர் கால்விரலைத் தொட்டுத் தொட்டுப் போகிற இடத்தில், வாடகை டவுசரின் நாடாவைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார். நீச்சல் தெரியாத பயம் என்று நினைத்தேன். இருபது நிமிஷம் கழித்து, அவருடைய சூப்பர்வைசர் உள்ளே இருந்து "இன்னாய்யா, போட்டோக்கு நிக்கிறியா? வா" என்று கையை நீட்டிக் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எவனும் எந்தத் தெருன்னு கேக்கலடா."

எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. எங்கள் கிராமத்தில் ஊர்க்குளம் இருந்தது. படிக்கட்டு வைத்த நல்ல குளம். அதில் எங்கள் தெரு ஆட்கள் இறங்கக் கூடாது. மாடு இறங்கலாம். அப்பா நீச்சல் பழகாததற்குக் காரணம் பயம் இல்லை, பழக இடம் இல்லை. நாற்பது வயதில் அந்த மனிதர் முதல்முறையாக முன்பின் தெரியாதவர்களோடு, மேஸ்திரியோடு, சூப்பர்வைசரின் மனைவி மக்களோடு, ஒரே தண்ணீரில் நின்றார். அந்த இருபது நிமிஷம் அவர் காத்திருந்தது யாராவது ஏதாவது சொல்வார்களா என்று.

இதை எந்த சர்வே எண்ணில் எழுதுவீர்கள்? சென்ட்டுக்கு எவ்வளவு?

*

தண்ணீரில் யார் இறங்கலாம் என்பது இந்த நாட்டில் என்றைக்குமே பொழுதுபோக்குச் சமாச்சாரமாக இருந்ததில்லை. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். சட்டப்படி அவர்களுக்குத் திறந்துவிடப்பட்ட குளம்தான் அது. குடித்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு அடி விழுந்தது. பிறகு அந்தக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைக்கு வேறு முடிவு உண்டு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில், நகராட்சி நீச்சல் குளங்களைக் கறுப்பர்களுக்கும் திறக்க வேண்டிய நிலை வந்தபோது, நகராட்சி குளங்களையே மூடிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மூடியது சட்டப்படி சரிதான் என்று 1971இல் தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் மூடினால் சமத்துவம்தானே என்று வாதம். வசதியுள்ள வெள்ளையர்களுக்குத் தனியார் கிளப்பும் வீட்டுக் கொல்லையில் குளமும் இருந்தன. வெயிலில் நின்றவர்கள் மற்றவர்கள்.

இப்போது நம்மூருக்கு வாருங்கள். ஒரகடம் ரோட்டிலும் ஜிஎஸ்டி ரோட்டிலும் எழும்பும் ஒவ்வொரு அடுக்குமாடியின் விளம்பரப் பலகையிலும் நீலமாக ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. கேட்டில் செக்யூரிட்டி இருக்கிறார். குடியிருப்பவர்கள் மட்டும். அந்தக் கட்டடத்தைக் கட்டியவரும் அந்தக் குளத்தைத் தினம் கழுவுகிறவரும் அதில் கால் வைக்க முடியாது. ஊர்க்குளத்தில் சாதி செய்த வேலையை இங்கே சங்க விதிமுறைப் புத்தகம் செய்கிறது. கிஷ்கிந்தா இடத்தில் வில்லா வந்தால் அங்கும் தண்ணீர் இருக்கும். 120 ஏக்கருக்குள் இருபது குளம்கூட இருக்கும். அப்பா இறங்கிய குளம் இருக்காது.

டிக்கெட்டும் ஒரு சுவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், சுவர்தான். அதைத் தாண்ட கம்பெனி செலவு ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சுவரைக் காசு சேர்த்தால் தாண்டலாம், சண்டை போட்டு உயரத்தைக் குறைக்கலாம். மற்றதை என்ன செய்வது?

*

சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்றும் பார்ப்போம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு, நாற்பதுக்கு மேல் ரைடுகள். நல்ல பூங்கா, பாதுகாப்பில் பெயர் எடுத்தவர்கள், நானும் போவேன். திறந்தபோது டிக்கெட் 1,489 ரூபாயில் ஆரம்பித்தது. நான்கு பேர் என்றால் 5,956. மாதம் 15,000 வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் நாற்பது சதவீதம், பஸ்ஸும் சாப்பாடும் சேர்க்காமல். அந்தப் பூங்கா வருவதற்காக உள்ளாட்சிகளின் கேளிக்கை வரியிலிருந்து பத்து வருஷம் விலக்கு கொடுத்தது தமிழக அரசு. முதலீடு வர வேண்டும், கொடுக்கட்டும். ஆனால் மக்கள் வரியை விட்டுக்கொடுத்து வாங்கிய சந்தோஷத்தில் அந்த மக்களுக்கு வருஷத்தில் நாலு நாளாவது பங்கு கேட்டிருக்கலாமே. இல்லாதவர்களுக்கு ஒரு குறைந்த விலைக் கிழமை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள். கேட்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் குளிப்பது உரிமை என்று நாம் யாருமே நினைக்கவில்லை.

பெரிய பூங்கா பக்கத்தில் வந்தால் பழைய பூங்காவின் நிலம் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே பிரபலமான உதாரணம் ஆர்லாண்டோ. அங்கே 1977இல் திறந்த 'வெட் அண்ட் வைல்டு'தான் இன்றைய தண்ணீர்ப் பூங்காக்களுக்கெல்லாம் பாட்டி. பக்கத்திலிருந்த யூனிவர்சல் அதை வாங்கியது. 2016 டிசம்பர் 31ஆம் தேதி மூடியது. அடுத்த வருஷமே தன்னுடைய ரிசார்ட்டுக்குள் விலை கூடிய புதுத் தண்ணீர்ப் பூங்காவைத் திறந்தது. பழைய இடத்தில் ஹோட்டல் எழும்பியது. தொழில் கணக்கில் பிசகே கிடையாது. குளித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஆட்கள் தூங்குகிறார்கள்.

நம் நாட்டில் டெல்லி அப்பு கர். 1984இல் திறந்தது, ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக்குட்டி அப்புவின் பெயர். 2008இல் மூடப்பட்டது. நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்குப் போனது. நீதிமன்றம் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. விளையாடும் இடத்துக்கு எதிராக நிற்பது ஒவ்வொரு முறையும் அதைவிட 'அவசியமான' ஏதோ ஒன்றாகவே இருக்கிறது. கோர்ட், மெட்ரோ, குடோன், வீடு. குழந்தைகளின் சிரிப்புக்காக வாதாட ஒரு துறை கிடையாது, கோப்பு கிடையாது.

*

எதிர்த்தரப்பை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. என் பக்கம் நிற்பவர்களிடமும் சண்டை இருக்கிறது.

முதலில் நைன்டீஸ் கிட்ஸ். 'எங்க கிஷ்கிந்தாவ தொடாதீங்க' என்று பழைய போட்டோவோடு ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள். நண்பர்களே, கடைசியாக எப்போது போனீர்கள்? 2016 மே மாதம் அங்கே ஒரு புது ரைடைச் சோதித்துப் பார்க்கும்போது அது சரிந்து ஊழியர் ஒருவர் செத்துப்போனார், பலர் காயப்பட்டார்கள். சோதித்துப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே வேலை பார்த்த பிள்ளைகள். நம் ஞாபகத்தில் இருக்கிற குளோரின் வாசத்தில் அந்தச் சாவு கலந்திருக்கிறது. பழைய இரும்பை ஞாபகத்துக்காகக் காப்பாற்றச் சொல்வது நியாயமில்லை. இடித்துக் கட்ட வேண்டியதை இடித்துக் கட்டட்டும். இடிப்பதற்கு நான் எதிரியில்லை. இடித்த பிறகு தண்ணீர் யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

அடுத்து, சுற்றுச்சூழல் நண்பர்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள், குடிக்கத் தண்ணியில்லாத ஊரில் கும்மாளத்துக்குத் தண்ணீரா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தண்ணீர்ப் பூங்காவின் குளம் வடிகட்டி வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுற்றுகிற தண்ணீர். ஆவியாவதும் உடம்போடு போவதும் கழுவி விடுவதும்தான் நஷ்டம். அந்த இடத்தில் ஐயாயிரம் வீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர். நகர்ப்புறத் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. தினமும் 27 லட்சம் லிட்டர் வருகிறது. அது எந்த ஏரியிலிருந்து வரும், கழிவாகி எந்த ஆற்றுக்குப் போகும்? பக்கத்தில்தான் அடையாறு. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரோடு தொடங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருகிறது. 2015 டிசம்பரில் அந்த வரதராஜபுரத்தில் படகு போனது. அந்தப் பக்கம் இன்னும் நூறு ஏக்கரைக் கான்கிரீட் போட்டு மூடுவதைவிட, கொஞ்சம் பேர் அதில் குதித்து விளையாடுவது தண்ணீருக்கு நல்லது.

பொத்தேரி, நின்னக்கரை, காட்டாங்குளத்தூர் என்று பேருக்குள்ளேயே நீரும் கரையும் வைத்திருக்கிற ஊர்கள் எங்களுடையவை. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். அந்த ஏரிகளில் ஒன்றிலாவது இன்றைக்கு ஒரு பெண் தைரியமாக இறங்கிக் குளிக்க முடியுமா? சாக்கடை, பாசி, குப்பை, கரையில் பாட்டில். பொதுவான நீரை நாமே கெடுத்தோம். பிறகு நல்ல தண்ணீர் டிக்கெட்டுக்குள் போனது. இப்போது டிக்கெட்டிலிருந்து அபார்ட்மென்டுக்குள் போகப் பார்க்கிறது.

*

யாருக்காக இவ்வளவு சத்தம் என்றால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் என்று இந்த வளைவில் வேலை செய்கிறவர்களுக்காக. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம், 706 கோடி ரூபாய், போன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்கு. நல்ல காரியம். தகர ஷெட்டிலும் ஒரு அறைக்குப் பத்துப் பேராகவும் தங்கிய பிள்ளைகளுக்கு அது மரியாதை. ஆனால் கட்டிலை எண்ணத் தெரிந்த அரசுக்கு ஞாயிற்றுக்கிழமையை எண்ணத் தெரியவில்லை. வாரம் ஆறு நாள் உறையும் தொப்பியும் போட்டு நின்ற இருபது வயதுப் பெண், ஏழாம் நாள் இந்த நெடுஞ்சாலையில் எங்கே போவாள்? மால், இல்லையென்றால் பீச், அதுவும் இரண்டு பஸ் மாறி. சேர்ந்து சிரித்துக் கத்த, நனைய, ஓட ஒரு இடம் வேண்டும் என்பதை இந்தத் தொழில் மண்டலம் திட்டமிட்டபோது யாரும் வரைபடத்தில் வரையவில்லை.

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல்முறையாக மே தினம் கொண்டாடியது இந்தச் சென்னையில். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தத்தை இதே சென்னையில் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று வாபஸ் வாங்கினார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம் என்பதோடு அந்தக் கோரிக்கை முடியவில்லை. மூன்றாவது எட்டு மணி நேரம் ஒன்று இருக்கிறது. அதற்கு நேரம் வாங்கிக் கொடுத்தார்கள் முன்னோர்கள். இடம் வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். தனியார் நிலத்தை அரசு பிடுங்கிக் குளம் வெட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. கிண்டி ரேஸ் கிளப்பின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது, பூங்காவும் வெள்ளநீருக்குக் குளங்களும் என்று வேலை தொடங்கியது. அது அரசு நிலம். இது வேறு. ஆனால் நிலம் தனியாருடையது என்றாலும் அதில் என்ன வரலாம் என்பதைத் தீர்மானிப்பது பொதுச் சட்டம். நில உபயோக மாற்றம் கேட்டால் சிஎம்டிஏ பத்திரிகையில் அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனை என்றால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 120 ஏக்கரில் அது 12 ஏக்கர். வழக்கமாக அந்தப் பத்து சதவீதம் வேலி போட்ட மூலையாக, இரண்டு சிமென்ட் பெஞ்சும் துருப்பிடித்த சறுக்கு மரமுமாக முடியும். ஏன் முடிய வேண்டும்? மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் நடத்துகிறது, சில்லறைக் காசுக்கு யாரும் இறங்கலாம். தாம்பரம் இப்போது மாநகராட்சி. 12 ஏக்கரில் ஒரு குளம், பெண்களுக்கு உடை மாற்ற நல்ல இடம், நீச்சல் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர். வேவ் பூல்கூட வேண்டாம், அலையை நாங்களே கிளப்பிக்கொள்கிறோம்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026க்கு என்று போட்டது. மூன்றாவது, 2027இலிருந்து 2046 வரைக்கானது, தயாராகிறது. வரைவு வரும்போது நில வியாபாரிகள் ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பார்கள், தங்களுக்கு வேண்டிய வண்ணம் அடிக்கச் சொல்லி எழுதுவார்கள். கிஷ்கிந்தாவுக்காகக் கண்ணீர் ஸ்டேட்டஸ் போட்டவர்கள் அன்றைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஜிஎஸ்டி ரோட்டில் எங்களுக்குப் பொது நீச்சல் குளம் எங்கே என்று ஒரே ஒரு வரி போதும்.

அப்பா ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. டீக்கடைப் பேச்சை அவரிடம் சொன்னேன். "வித்தா விக்கட்டும், அவங்க எடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அலைக்கு முன்னாடி ஒரு சைரன் ஊதுவான்ல?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். இன்னும் அவருக்கு நீச்சல் தெரியாது. பேரனுக்குத் தெரிய வேண்டும் என்கிறார். பக்கத்து அபார்ட்மென்ட் குளத்தின் கேட்டைத் தாண்டி அவனை எப்படிக் கூட்டிப் போவது என்று நாங்கள் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.